கறுப்பாக இருந்தாலும்

சில சொற்கள் தனித்து நிற்கும்போது எவரையும் புண்படுத்துவதில்லை. 'இருந்தாலும்' என்பது அத்தகைய ஒரு சொல். ஒன்றை ஒப்புக்கொண்டு, அதற்கு மாறான மற்றொன்றைத் தொடர்ந்து சொல்வதற்கு அது துணைசெய்கிறது. ஏழையாக இருந்தாலும் நேர்மையானவர். முதியவராக இருந்தாலும் உழைப்பாளி. இப்படி நாள்தோறும் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். அதில் குற்றம் காண்பவர் இல்லை. நானும் கண்டதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்கால மாலையில், என் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னேன். அன்று முதல் அது என்னை விட்டபாடில்லை.

அந்தப் பெண்ணின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். செங்கல்பட்டுப் பகுதிப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவள் என்று சொன்னால் போதும். வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறாள். ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் பாடுகிறவள். அன்று வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் கலைந்தபின், பங்கு இல்லத்து வாயிலில் வந்து நின்றாள். தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு, மூன்றாவது முறையாக அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பலகாரம் உண்டு, காப்பி அருந்தி, நல்லபடியாகப் பேசிவிட்டுச் சென்றவர்கள், பிறகு தரகர் வழியாகச் சொல்லியனுப்பினார்களாம்: "எல்லாம் பிடிச்சிருக்கு. பொண்ணுதான் கொஞ்சம் நிறம் கம்மி."

நிறம் கம்மி! நம் பேச்சு வழக்கை நாமே சற்று உற்றுக் கேட்க வேண்டும். வெளுத்தவரை 'நல்ல நிறம்' என்கிறோம். 'கலராக இருக்கிறாள்' என்கிறோம். கறுத்தவருக்கு 'நிறம் குறைவு' என்கிறோம். கறுப்பு ஒரு நிறமே அன்று, நிறம் இல்லாத ஒரு குறை என்பதுபோல நம் நாக்கு பழகிவிட்டது.

அவள் சொல்லி முடித்ததும் நான் ஆறுதல் கூறினேன். குருத்துவப் பணியில் கால் நூற்றாண்டைக் கடந்தவனுக்கு ஆறுதல் மொழிக்கா பஞ்சம்? "கவலைப்படாதே அம்மா. கறுப்பாக இருந்தாலும் நீ களையான பெண். படித்தவள். நல்ல குரல் வேறு. ஆண்டவர் உனக்கென்று ஒருவரை வைத்திருப்பார்" என்றேன்.

அவள் உடனே பதில் பேசவில்லை. கையிலிருந்த பாடல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "நீங்களும் 'இருந்தாலும்'னுதான் சொல்றீங்க ஃபாதர். அவங்க, 'படிச்சிருந்தாலும் கறுப்பு'ன்னாங்க. நீங்க, 'கறுப்பா இருந்தாலும் படிச்சவ'ங்கறீங்க. வார்த்தைதான் முன்னே பின்னே மாறியிருக்கு."

எனக்கு விடை தெரியவில்லை. அவள் கோபப்படவும் இல்லை. படியிறங்கும்போது, "நீங்களும் என் நிறந்தானே ஃபாதர். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உறங்கவிடவில்லை. ஏனெனில் அவள் நினைத்தது சரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

* * *

நான் பிறந்தது மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடலோரச் சிற்றூரில். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அம்மா தலைக்கூடையில் மீன் சுமந்து உள்ளூர்களுக்கு நடப்பவர். திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் விற்று வருவார். இருவரும் கறுப்பு. உப்புக் காற்றும் மணல் மேல் காயும் வெயிலும் அந்தக் கறுப்பை இன்னும் ஆழமாக்கியிருந்தன. எங்கள் குப்பத்தில் அது ஒரு செய்தியே அன்று. எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை ஒருவர் வரும்போதுதான் அது பேச்சாகும். என் தலையைத் தடவி, "கறுப்பா இருந்தாலும் புள்ள படிப்புல கெட்டி" என்பார். அன்போடுதான் சொல்வார். அந்த அன்பையும் நான் ஏற்றேன். அதோடு சேர்ந்து வந்த அந்தச் சொல்லையும் விழுங்கிக்கொண்டேன்.

பிறகு விடுதியில் தங்கிப் படித்தேன். ஓர் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு ஆள் பொறுக்கினார்கள். கபிரியேல் வானதூதர் பேசவேண்டிய பகுதி முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ மூவரசரில் கறுப்பு ராஜா. உனக்கு மை பூச வேண்டாம், செலவு மிச்சம்" என்றார். மாணவர் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறர் சிரித்ததை அன்றே மறந்துவிட்டேன். நான் சிரித்ததுதான் இன்றும் நினைவில் இருக்கிறது.

பூந்தமல்லி திரு இருதயக் குருத்துவக் கல்லூரியில் இறையியல் பயின்றேன். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்னும் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றேன். அகுஸ்தீனார் என்ன சொன்னார், அக்குவினார் என்ன சொன்னார் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆனால் காலையில் கண்ணாடி முன் நின்று, கழுத்துவரை முகப்பூச்சுத் தூள் அப்பிக்கொள்ளும் வழக்கத்தை அந்தப் பாடம் மாற்றவில்லை. சாயலைப் பற்றி எழுதிய கை சாயத்தை நாடியது.

எல்லாவற்றுக்கும் மேலான ஒன்றை இங்கே அறிக்கையிட வேண்டும். 1998-இல் எனக்குக் குருப்பட்டம். அன்று எங்கள் பகுதி சென்னை - மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருந்தது. செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-இல்தான் பிறந்தது. அழைப்பிதழில் அச்சிட ஒரு நிழற்படம் தேவைப்பட்டது. நகரத்தில் ஒரு நிழற்பட நிலையத்தில் எடுத்துக்கொண்டேன். படம் எடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான், "முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாகப் போட முடியுமா?" என்று கேட்டேன். முடியும் என்றார். தூரிகையால் செய்தாரோ, படம் கழுவுகையில் செய்தாரோ அறியேன். அழைப்பிதழ் வந்தபோது அதில் ஒரு மாநிறத்து இளைஞர் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தறியாத அம்மா, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். "யாரு கண்ணு இது? ஏம் புள்ள எங்க?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. "அச்சுல அப்படித்தான் வரும்" என்றேன். குருப்பட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், பெற்ற தாயிடம் நான் சொன்ன பொய் அது. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அழைப்பிதழை ஆணியடித்து, கோவளத்துக் கார்மேல் மாதா படத்துக்குக் கீழே மாட்டிவைத்தார். வந்தவர்க்கெல்லாம் காட்டினார்.

2011-இல் அம்மா இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய பொருள்களை எடுத்து வைத்தோம். அழைப்பிதழ் சுவரில் இருந்தது. செபமாலை வைக்கும் சிறு துணிப்பைக்குள், ஓரம் மடங்கிய வேறொரு படம் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு விண்ணப்பத்துக்காக எடுத்தது. அதில் இருந்த பையன் கறுப்பாக, கன்னம் ஒட்டி, அச்சு அசலாக அம்மாவைப் போலவே இருந்தான். ஊருக்குக் காட்ட ஒன்று. செபிக்கும்போது வைத்துக்கொள்ள ஒன்று. முகத்தை வெளுக்கச் சொன்னபோது நான் அழித்தது என் நிறத்தை மட்டுமன்று. என்னில் இருந்த அம்மாவின் முகத்தை அழித்திருந்தேன். இது எனக்குப் புரிவதற்குள் மன்னிப்புக் கேட்க அம்மா இல்லை.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தாயன்புக்கு அதைச் சான்றாகக் காட்டுகிறோம். ஆனால் தாய்க் காக்கை தன் குஞ்சைப் பொன்னாக எண்ணித்தான் நேசிக்கிறது என்று யார் கண்டது? அது கறுப்புக் குஞ்சாகவே எண்ணி நேசித்திருக்கலாம். என் அம்மா அப்படித்தான் நேசித்தார்.

* * *

இத்தனையும் அறிந்திருந்த நான்தான், அந்தப் பெண்ணிடம் அத்தையின் சொல்லைத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அவள் போனபின் அன்றிரவு விவிலியத்தை எடுத்து, இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தைத் திறந்தேன். அங்கே ஒரு பெண் எருசலேம் நகரத்து மங்கையரிடம் தன் நிறத்தைப் பற்றிப் பேசுகிறாள். தான் கறுப்பு என்கிறாள், அழகு என்கிறாள். இந்த இரண்டையும் இணைப்பது எபிரேயத்தில் 'வாவ்' என்னும் ஓர் எழுத்து மட்டுமே. அந்த எழுத்தை இடத்துக்கேற்ப 'உம்' என்றும் கொள்ளலாம், 'ஆனால்' என்றும் கொள்ளலாம். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்க விவிலியம் 'உம்' என்னும் பொருளில் அதைப் பெயர்த்தது. புனித எரோணிமுசின் இலத்தீன் பெயர்ப்போ 'ஆனால்' என்று வைத்தது. மேலைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் அந்த 'ஆனால்' வழியாகவே அவளைப் படித்தது. நம் தமிழ் விவிலியங்களிலும் 'இருந்தாலும்', 'இருப்பினும்' என்ற பொருளிலேயே அந்த இடம் அமைந்திருக்கிறது.

எரோணிமுசைக் குறைகூற நான் யார்? எழுத்து இரண்டுக்கும் இடம் தருகிறது. எதைக் கேட்பது என்பது கேட்பவரின் காதைப் பொறுத்தது. ஆனால் அந்தப் பெண் அடுத்துச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். தான் கறுத்ததன் காரணத்தை அவளே கூறுகிறாள். உடன்பிறந்தோர் அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பினார்கள். வெயில் அவளைச் சுட்டது. அவளுடைய கறுப்பு உழைப்பின் கறுப்பு. நாற்று நடும் பெண்கள், உப்பளத்தில் வாருகிறவர்கள், வலை இழுப்பவர்கள், கூடை சுமப்பவர்கள் ஆகியோரின் கறுப்பு. என் அம்மாவின் கறுப்பு. நிழலில் அமர்ந்திருக்கும் நகரத்து மங்கையர் தன்னை உற்றுப் பார்ப்பதை உணர்ந்து அவள் பேசுகிறாள். தலைகுனிந்து பேசுபவளாக எனக்குத் தோன்றவில்லை.

நம் முன்னோர்க்கு இது தெரியாததன்று. சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியழகைச் சுட்டும் சொற்களுள் ஒன்று 'மாமை'. மாந்தளிரின் நிறம் என்பார்கள். அந்த மாமை கெட்டு மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயர். பசலை அழகன்று, பிரிவின் துயரம் மேனியில் எழுதும் எழுத்து. வள்ளுவர் அதற்கென்று 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். திருமாலை மாயோன் என்று, கருநிறத்தாலேயே பெயரிட்டு அழைத்த மொழி இது. வெளிறுவதைத் துன்பத்தின் அடையாளமாகக் கண்ட அதே மொழியில்தான் இன்று 'நிறம் கம்மி' என்கிறோம்.

* * *

வெளிறுதல் துன்பத்தின் அடையாளம் என்பதைச் செங்கல்பட்டு மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நகரை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. 1955-இல் இந்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக வளர்த்தது. பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்த மருத்துவர் பால் பிராண்டு, அத்தகைய கைகளை முதன்முதலில் ஊன்றி நோக்கியது இங்கேதான். தோலில் நிறம் குன்றி, உணர்ச்சி அற்ற ஒரு தேமல் தோன்றினால் உடனே மருத்துவரிடம் போ என்று எங்கள் பகுதிப் பள்ளிகளில் சொல்லித் தருவார்கள். வெளுப்புக்கு ஏங்கும் அதே வீடுகளில், வெளுத்த ஒரு திட்டைக் கண்டு நடுங்குவார்கள்.

1990களின் நடுவில், குருமாணவனாக இருந்தபோது, விடுமுறை நாள்களில் திருமணிக்குச் சென்று நோயாளருடன் சிறிது நேரம் செலவிடுவது வழக்கம். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளைச் சந்தித்தேன். பாலாற்றுக்கு அப்பாலிருந்து வந்தவர். 1981-இல் உலக நல நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை அப்போது நடைமுறையில் இருந்தது. டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் என மூன்று மருந்துகள். இவற்றுள் குளோஃபாசிமினுக்கு ஒரு தன்மை உண்டு. அது தோலைச் செம்பழுப்பாக்கிப் பிறகு கறுக்கச் செய்யும். மருந்தை நிறுத்திய பின், சில மாதங்களிலோ ஓராண்டுக்கு மேலோ, பழைய நிறம் திரும்பிவிடும். கேடில்லை. மருத்துவர்கள் இதை எடுத்துச் சொல்லித்தான் கொடுப்பார்கள்.

அந்த அம்மாளுக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் வீட்டில் மூத்த மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "பொண்ணோட அம்மா இப்படிக் கன்னங்கரேல்னு நின்னா யாரு வருவா?" என்று உறவினர் கேட்டிருக்கிறார்கள். நோயை மறைத்துவிடலாம்; நிறத்தை மறைக்க முடியாதே! அவர் மருந்தை நிறுத்திவிட்டார். மகள் திருமணம் நடந்தது. நிறமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நோய் உள்ளே தன் வேலையைச் செய்தது. நரம்புகள் கெட்டு விரல்கள் மடங்கிப்போயின. மீண்டும் சிகிச்சைக்கு வந்திருந்தார். மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நெறம் திரும்பி வந்துடுச்சு சாமி. விரல்தான் திரும்பி வரல."

அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. அவருக்காகச் செபித்தேன். அதை அறியாமையின் விளைவு என்று எண்ணினேன். அதன்பின் மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அழைப்பிதழ்ப் படத்தை வெளுக்கச் சொன்னேன். இருவரையும் ஆட்டிவைத்தது ஒரே அச்சம் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் அதற்கு விரல்களைக் கொடுத்தார். நான் எதையும் இழக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கை நூலின் 12-ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் நினைவுக்கு வருகிறார். மோசே கூசு நாட்டுப் பெண் ஒருத்தியை மணந்ததைக் காரணமாகக் கொண்டு மிரியாமும் ஆரோனும் அவருக்கு எதிராகப் பேசுகிறார்கள். கூசு என்பது எகிப்துக்குத் தெற்கே இருந்த கருநிற மக்களின் நாடு. அவளுடைய நிறத்தைப் பழித்தார்கள் என்று அந்நூல் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள்: மிரியாமின் தோல் பனியைப்போல் வெளுத்துவிடுகிறது! விவிலியம் அங்கே சுட்டும் தோல்நோய் இன்றைய தொழுநோய்தான் என்று சொல்லிவிட முடியாது. தொழுநோய் எவருக்கும் தண்டனையும் அன்று. அது கிருமியால் வருவது என்று 1873-இல் ஹான்சன் என்னும் நார்வே நாட்டு மருத்துவர் கண்டறிந்தார். எனினும், கூசுப் பெண்ணைப் பழித்தவளுக்கு வெண்மையே துன்பமாக வந்தது என்று அந்நூலாசிரியர் எழுதியிருப்பதை நான் தற்செயல் என்று கொள்ளவில்லை.

* * *

அம்மாவின் நினைவு நாளில் ஊருக்குப் போய்க் கல்லறையில் செபித்துவிட்டு, மாமல்லபுரம் வழியாகத் திரும்புவது என் வழக்கம். அந்தத் தவக்காலத்துக்குப் பின் வந்த நினைவு நாளில், ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில், ஒரு சிற்பக்கூடத்தின் முன் சற்று நின்றேன். பல்லவர் 7-ஆம் நூற்றாண்டில் பாறைகளைக் குடைந்த ஊரில் இன்னும் உளியோசை ஓயவில்லை. 2017-இல் இவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முதிய சிற்பி ஒருவர் ஒரு சிலையின் முகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கருங்கல்தான், ஆனால் சிலை முழுவதும் வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது. அவருடைய கைகளும் மீசையும்கூடக் கல்தூளால் வெளுத்திருந்தன.

"கறுப்புக் கல் என்றார்களே, இது வெளுத்திருக்கிறதே?" என்று கேட்டேன்.

"அது உளி அடிபட்ட இடம் ஐயா. அடிபட்டா வெளுத்துத்தான் தெரியும்" என்றார். பக்கத்தில் மெருகிட்டு முடித்திருந்த ஒரு சிலையைக் காட்டினார். மழைமேகம்போல் கறுத்து, முகம் பார்க்கலாம் போல மின்னியது. "தேய்க்கத் தேய்க்கத்தான் கல்லு தன் நெறத்துக்கு வரும். புதுசா நாம எதையும் பூசறது இல்லை."

அவர் கல்லைப் பற்றித்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சேரும்வரை அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். மூவரசர் நாடகம், முகப்பூச்சுத் தூள், அழைப்பிதழ்ப் படம் எல்லாம் என்மேல் உளி பட்ட இடங்கள். அவற்றை நான் இத்தனை காலம் மெருகு என்று நினைத்திருக்கிறேன்.

இதைச் சொல்வதால் வெளுத்த மேனியர் எவரையும் குறைத்துப் பேசுவதாகக் கொள்ள வேண்டாம். வெண்மையும் கடவுள் தந்த நிறமே. தோலில் நிறத்தை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் ஏறக்குறைய ஒன்றே என்கிறது அறிவியல். அவை சுரக்கும் மெலனின் என்னும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. கடும் வெயில் நாட்டில் வாழ்ந்த முன்னோர்க்கு அந்த நிறமி குடையாக இருந்தது. இவ்வளவுதான் செய்தி. இதன்மேல் நாம் கட்டியெழுப்பிய உயர்வு தாழ்வுகள் எல்லாம் நம் கைவேலை.

வணிகரும் இதில் பங்கேற்றனர். 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு நம் நாட்டுச் சந்தைக்கு வந்தது. அந்தப் பெயரைக் கவனியுங்கள்: வெண்மையும் அழகும்! வெண்மைக்கு 'உம்' தயங்காமல் வந்துவிடுகிறது. கறுப்புக்குத்தான் 'இருந்தாலும்'. 2020-இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது அதன் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, ஏக்கம் மாறியதா? நம் சென்னையிலேயே 'விமன் ஆஃப் வொர்த்' என்னும் அமைப்பு 2009-இல் 'கறுப்பு அழகு' என்னும் பொருள்படும் ஓர் இயக்கத்தைத் தொடங்கி நடத்தியது. அந்த ஆண்டுகளில் நம் கோவில்களில் இதைப் பற்றி ஒரு மறையுரையாவது நிகழ்ந்ததா என்று எண்ணிப் பார்க்கிறேன். நான் நிகழ்த்தியதில்லை.

நமக்கோ முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. புனித மார்ட்டின் தெ போரஸ் 1579-இல் பெரு நாட்டு லீமா நகரில், ஸ்பானியத் தந்தைக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கருநிறத் தாய்க்கும் பிறந்தார். திருமுழுக்கு ஏட்டில் 'தந்தை அறியப்படாதவர்' என்று எழுதினார்கள். தாயின் நிறத்தோடு பிறந்த அந்தக் குழந்தையைத்தான் திருச்சபை 1962-இல் புனிதர் என்று அறிவித்தது. அவருடைய சுருபத்துக்கு மாலையிடுகிறோம். அவருடைய நிறத்தில் மருமகள் வந்தால் முகம் சுளிக்கிறோம்.

வார்த்தை மனுவுருவானார் என்று நாள்தோறும் மூவேளைச் செபத்தில் சொல்கிறோம். மனுவுரு என்றால் தோலும் உண்டு. தோலுக்கு ஒரு நிறமும் உண்டு. கலிலேயாவில் தச்சுவேலை செய்து, வெயிலில் நடந்து, மீனவரோடு படகில் திரிந்த இளைஞர் அவர். அந்தத் தோல் அவர் தம் தாயிடமிருந்து பெற்றது. அவர் அதற்காக வெட்கப்படவில்லை. உயிர்த்த பின்னும் அதை உதறவில்லை. காயங்களோடு அதையே தோமாவுக்குக் காட்டினார்.

* * *

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரம், அழைப்பிதழ்ப் படத்தையும் தேர்வுப் படத்தையும் அவளிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுதான் ஃபாதர் நல்லா இருக்கு" என்று சிறிய படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் 'இருந்தாலும்' இல்லை.

பிறகு ஒரு சிறு காரியம் செய்தேன். எங்கள் பங்கில் திருமணத் தகவல் படிவம் ஒன்று உண்டு. பெயர், வயது, கல்வி, வேலை, உயரம், நிறம் என்று வரிசையாகக் கேட்டிருக்கும். எந்தக் காலத்தில் யார் அச்சிட்டார்களோ! நானே ஆண்டாண்டாக அதில் முத்திரை குத்தி வந்திருக்கிறேன். அந்த 'நிறம்' என்னும் கட்டத்தை நீக்கிப் புதிதாக அச்சிடச் சொன்னேன். பங்குப் பேரவையில் ஒருவர், "நிறம் போடாம எப்படிச் சாமி? நாளைக்குப் பொய் சொல்லிட்டோம்னு சொல்லுவாங்களே" என்றார். அவர் நல்லவர், உலகம் அறிந்தவர். நீண்ட நேரம் பேசினோம். இறுதியில் கட்டம் நீங்கியது.

அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகும். கட்டம் இல்லாவிட்டாலும், தொலைபேசியில் "பொண்ணு என்ன கலர்?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. வேலையில் உயர்வு பெற்றிருக்கிறாள். ஞாயிறுதோறும் பாடுகிறாள். அவளுடைய தாய் என்னைக் காணும்போதெல்லாம், "நல்ல எடமா பாத்து சொல்லுங்க சாமி" என்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பொறுத்தமட்டில், என் அறையில் இப்போது இருப்பது அந்தத் தேர்வுப் படம். காலையில் திருப்பலிக்குப் புறப்படும் முன் கண்ணாடியில் முகம் பார்க்கிறேன். வயது ஏற ஏற அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அதே நெற்றி, அதே ஒட்டிய கன்னம், அதே கறுப்பு. பீடத்தில் அப்பத்தை உயர்த்தும்போது, வெள்ளை அப்பத்தைத் தாங்கி நிற்கும் கறுப்புக் கைகளைப் பார்க்கிறேன். கூடை சுமந்த கைகளின் நிறம் அது. "யாரு கண்ணு இது?" என்று அம்மா இன்று கேட்டால், மறைக்காமல் விடை சொல்ல எனக்குத் துணிவு உண்டு.

உன் புள்ளதாம்மா.